வால்மீனை விண்கலம் கடக்கும் நாளில் சிங்கப்பூரிலிருந்து பின்தொடர்வது: அனுபவப் பகிர்வு

தெம்பனிஸ், தொடக்கப் பதிவு

விண்கலம் வால்மீனை உரசிப் போகும் நாளில் நேரலை முன் உட்காருபவர்களில் பலர் படத்துக்காகவே காத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒன்றும் வராவிட்டால் எழுந்துவிடுகிறார்கள். படம் கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே சிக்னலைப் பார்த்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் பின்தொடர்ந்தது எந்தக் கடப்பு (இப்படி உரசிப் போவதுதான் கடப்பு), சிங்கப்பூர் நேரம் என்ன, எது பிசகியது, ஏன் பிசகியது என்று எண்களோடு எழுதுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு எழுதுபவர் வசிக்கும் பேட்டை.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன். அறிவிப்புகளில் இரண்டு நேரங்கள் இருக்கும். ஒன்று அங்கே நடக்கும் நேரம், மற்றது சிக்னல் பூமிக்கு வந்துசேரும் நேரம். 2005 ஜூலை 4 அன்று நாசாவின் டீப் இம்பாக்ட் விண்கலம் அனுப்பிய மோதுகலம் டெம்பல் 1 வால்மீனில் மோதியபோது உலகப் பொது நேரம் 5.44. தூரம் சுமார் 133.6 மில்லியன் கிலோமீட்டர். ஒளி நிமிடத்துக்கு ஏறக்குறைய 18 மில்லியன் கிலோமீட்டர் போகும். ஆகவே தூரத்தை 18-ஆல் வகுத்தால் தாமதம் கிடைத்துவிடும். இங்கே ஏழரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பூமியில் தெரிந்தது 5.52-க்கு. சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னே, ஆகவே நமக்குப் பிற்பகல் 1.52. செய்தித்தாளில் ஒரு நேரமும் நேரலையில் இன்னொன்றும் இருந்தால் இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

நாளையும் கவனியுங்கள். உலகப் பொது நேரம் 16.00-ஐத் தாண்டினால் இங்கே மறுநாள். நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்ட் 2 வால்மீனைக் கடந்தது எல்லா நூல்களிலும் 2004 ஜனவரி 2. சிங்கப்பூரில் அது ஜனவரி 3, விடிகாலை மூன்றரைக்குச் சற்று முன்.

யீஷூன்

ஹார்ட்லி 2 வால்மீனின் கடப்பைச் சொல்லாமல் விட முடியாது. 2010 நவம்பர் 4, இரவு 10 மணி. மறுநாள் தீபாவளி. தேக்காவில் (லிட்டில் இந்தியா) கடைசி நேரக் கூட்டம் நிற்கும் அதே வேளையில் அதே டீப் இம்பாக்ட், எப்பாக்ஸி என்ற புதுப் பணியில், விநாடிக்கு 12.3 கி.மீ. வேகத்தில், கருவிலிருந்து (வால்மீனின் கெட்டியான உள்ளுடல்) ஏறத்தாழ 700 கி.மீ. தள்ளிக் கடந்தது.

பார்ப்பவர்களைக் குழப்பியது நடுவில் வந்த மௌனம். கேமரா கலத்தின் உடலோடு பொருத்தப்பட்டது. கருவை நோக்கிக் கலம் திரும்பியிருக்கும்போது பெரிய ஆண்டெனாவால் பூமியை நோக்க முடியாது. எனவே படங்கள் நினைவகத்துக்குப் போயின. கடப்பு முடிந்து கலம் திரும்பிய பிறகே இறங்கத் தொடங்கின. முதல் நெருக்கப் படங்கள் வர ஒரு மணி நேரம் போலப் பிடித்தது. இந்தத் திட்டம் முன்கூட்டியே தெரிந்தால் பதற்றப்பட வேண்டியதில்லை.

படத்தின் கூர்மையையும் முன்பே கணக்கிடலாம். நடுத்தரக் கேமராவின் ஒரு பிக்சல் 10 மைக்ரோரேடியன் கோணம், அதாவது தூரத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. 700 கி.மீ. தூரத்தில் அது 7 மீட்டர். கரு இரண்டே கால் கி.மீ. நீளம், ஆக 300 பிக்சலுக்கு மேல். உயர்திறன் கேமராவுக்குக் கணக்குப்படி 1.4 மீட்டர் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அதன் குவியம் தொடக்கத்திலிருந்தே பிசகியிருந்தது, கணினியில் திருத்தித்தான் பயன்படுத்தினார்கள். அன்று எல்லாரும் பார்த்த நிலக்கடலை வடிவம் நடுத்தரக் கேமரா தந்தது. அதன் நுனியிலிருந்து பீறிட்ட தாரைகளைத் தள்ளியது கார்பன் டை ஆக்சைடு. இடுப்பு போன்ற நடுப்பகுதியிலிருந்து நீராவி வந்தது. ஒரே கருவில் இரண்டு இடங்கள் இரண்டு விதமாக மூச்சுவிடுவதை அவ்வளவு தெளிவாக அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் அந்தப் பணியின் உச்சம்.

பிடோக்

வேகம் கூடினால் எல்லாமே மாறும் என்பதற்கு ஹாலி வால்மீனைக் கடந்த ஐரோப்பிய விண்கலம் ஜியோட்டோ. ஹாலி வால்மீன் கோள்கள் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றுவது. அதனால் சந்திப்பு வேகம் விநாடிக்கு 68.4 கி.மீ. 1986 மார்ச் 14, 596 கி.மீ. தூரம். கலத்தில் நடந்தது சிங்கப்பூர் நேரம் காலை 8.03, பூமிக்கு எட்டியது 8.11.

அந்த வேகத்தில் 1 கிராம் தூசு வந்து இடித்தால் ஆற்றல் 23 லட்சம் ஜூல், அதாவது அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட டிஎன்டி வெடிமருந்து. இதற்காகவே இரட்டைக் கவசம்: முன்னே 1 மி.மீ. அலுமினியத் தகடு, இடைவெளி விட்டுப் பின்னே கெவ்லார் என்ற உறுதியான இழை அடுக்கு. முன் தகட்டில் தூசு ஆவியாகிச் சிதறும், சிதறலைப் பின் அடுக்கு தாங்கும். கவசம் தாங்கியது. ஆனால் நெருக்கப் புள்ளிக்கு 14 விநாடி முன்னால் தூசு இடித்ததில் கலத்தின் சுழல் அச்சு தள்ளாடியது. ஆண்டெனா பூமியை விட்டு விலகி விலகித் திரும்பியதால் தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. சீராக 32 நிமிடம் ஆயிற்று. கேமரா மீளவில்லை.

சிக்னல் விட்டுவிட்டு வந்தால் கலம் உடைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சீரான இடைவெளியில் வந்து போனால் தள்ளாட்டமாக இருக்கலாம். ஒரேயடியாகப் போய்த் திரும்பாவிட்டால்தான் கவலை.

கிளமெண்டி

ஸ்டார்டஸ்ட் இரண்டாம் முறை வேலை செய்த டெம்பல் 1 கடப்பு, 2011 பிப்ரவரி 15, நமக்கு மதியம் 12.40 வாக்கில். எடுத்த படங்கள் 72. நெருக்கத்தில் எடுத்த ஐந்தும் முதலில் வர வேண்டும் என்பது திட்டம். கலம் ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக அனுப்பத் தொடங்கிவிட்டது. ஒரு படத்துக்கு ஏறக்குறைய கால் மணி நேரம். தொலைவிலிருந்து எடுத்த சின்னப் புள்ளிகளே மணிக்கணக்கில் வந்தன. படம் எதுவும் கெடவில்லை, வரிசை மட்டும் மாறியது.

செங்காங்

சிக்னலைப் பார்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: நாசாவின் டிஎஸ்என் நவ் இணையப் பக்கம். தொலைதூர விண்கலங்களோடு பேசும் ஆண்டெனாக்களை அது காட்டும். அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா என மூன்று இடங்கள். விண்கலத்தின் பெயர் எழுதிய ஆண்டெனாத் தட்டைச் சொடுக்கினால் தூரம், சிக்னல் போய்வரும் நேரம், தரவு வேகம் தெரியும். போய்வரும் நேரம் இருவழிக் கணக்கு. படம் எப்போது வரும் என்று பார்க்க அதில் பாதியை எடுங்கள். இந்தப் பாதியாக்கலை மறந்துதான் பலர் தவறுகிறார்கள்.

தரவு வேகம் மிகக் குறைவாகவோ காலியாகவோ இருந்தும் அலை இறங்குவதாகக் காட்டினால், கலம் தரவு ஏற்றாத வெறும் சுமப்பலையை அனுப்புகிறது என்று பொருள். கடப்பின்போது அது இயல்பு.

ஐரோப்பியக் கலங்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் நியூ நார்சியா தட்டைக் கவனியுங்கள். அதற்கும் நமக்கும் ஒரே கடிகாரம்.

உட்லண்ட்ஸ்

அதே இரவில் வால்மீனைத் தாங்களே பார்க்க நினைப்பவர்களுக்கு. அறிவிக்கும் ஒளித்தரத்தை (எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதல்) நம்பி ஏமாறாதீர்கள். 5 அல்லது 6 என்பது முழு ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்துச் சொல்லும் எண். ஹார்ட்லி 2 போன்ற விரிந்த வால்மீனில் அது நிலவின் அகலத்துக்கும் மேல் பரவிக் கிடக்கும். நம் வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துபோகும். 10×50 இருகண்ணோக்கியோடு இருட்டு கூடிய லிம் சூ காங் பக்கம் போனால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். தீபாவளியை ஒட்டி அமாவாசை வருவதால் நிலவுத் தொல்லை இருக்காது. மழைமேகம் வேறு விஷயம்.

குளிரூட்டிய அறையிலிருந்து லென்சை நேராக வெளியே எடுத்தால் பனித்துவிடும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி அரை மணி நேரம் வெளியில் வைத்துப் பிறகு திறவுங்கள். துணியால் துடைக்காதீர்கள்.

கேமராவுக்கு 135 மி.மீ. லென்சு, 2 முதல் 3 விநாடி, நூறு படம். நட்சத்திரங்களுக்கு ஒருமுறை, வால்மீனின் தலைக்கு ஒருமுறை எனப் பொருத்தி, படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடவை அடுக்க வேண்டும். தொடர்நோக்கித் தாங்கி (வானம் நகர்வதோடு கேமராவைத் திருப்பும் கருவி) வைத்திருந்தால் இங்கே ஒரு சிக்கல்: அதன் அச்சு நோக்க வேண்டிய வானின் வடதுருவம் அடிவானத்துக்கு மேல் 1.3 பாகைதான், துருவ நட்சத்திரம் கட்டடத்துக்குப் பின்னால். அவ்வளவு தாழ்வாகச் சாய முடியாத தாங்கிகளும் உண்டு, வாங்குமுன் கேளுங்கள். திசைகாட்டியால் வடக்கை வைக்கலாம், சிங்கப்பூரில் காந்த விலகல் (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) கிட்டத்தட்ட சுழி.

தெம்பனிஸ்

உட்லண்ட்ஸ் அண்ணன் சொன்னதோடு ஒன்று. நாசாவின் ஹொரைசன்ஸ் இணையச் சேவையில் வால்மீன் வானில் இருக்கும் இடத்தைத் தேடும்போது, திரும்பத் திரும்ப வரும் வால்மீனுக்கு ஒவ்வொரு வருகைக்கும் தனிப் பதிவு இருக்கும். பழைய பதிவைத் தேர்ந்தெடுத்தால் இடம் தள்ளிப்போகும். காரணம் கருவிலிருந்து பீறிடும் தாரைகள், அவை சின்ன ராக்கெட் போலப் பாதையைத் தள்ளுகின்றன. விண்கலமும் இதனால்தான் கடைசி நாள்வரை வால்மீனைப் படமெடுத்துத் தன் பாதையைத் திருத்துகிறது. வால்மீனோடு கூடவே பயணித்த ஐரோப்பிய விண்கலம் ரொசெட்டாவுக்கு வேறொரு தொல்லை. 2015 மார்ச் 28-இல் 14 கி.மீ. அருகே சென்றபோது தூசுத் துகள்களை நட்சத்திரங்கள் என்று அதன் நட்சத்திரங்காட்டிகள் (நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையறியும் கேமராக்கள்) குழம்பின, கலம் தற்காப்பு நிலைக்குப் போயிற்று.

பிடோக்

அடுத்துக் காத்திருப்பது காமெட் இண்டர்செப்டர் என்ற ஐரோப்பிய விண்கலத்துக்கு, 2029-இல் ஏவத் திட்டம். போகும் வால்மீன் எது என்று முடிவாகாமலேயே ஏவி, விண்வெளியில் காத்திருக்க வைக்கிறார்கள். அதனால் சந்திப்பு வேகம் விநாடிக்கு 10 முதல் 70 கி.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம் என்று வடிவமைத்திருக்கிறார்கள். தாய்க்கலம் 1,000 கி.மீ. வாக்கில் தள்ளி நிற்கும், இரண்டு சின்னக் கலங்கள் இன்னும் உள்ளே போகும். அவை எடுப்பதெல்லாம் தாய்க்கலம் வழியாகவே பூமிக்கு வர வேண்டும். அன்று 18-ஆல் வகுத்து வரும் நிமிடங்களுக்கு மேல், தாய்க்கலம் வாங்கி அனுப்பும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.