சிபிபிசெக்: அறிக்கைக் கோப்பில் பிழைகள் வருவதில்லை, சிஐ பணியும் எப்போதும் வெற்றி

பனையோலை (கேள்வி):
வணக்கம். சி++ மொழியில் எழுதப்பட்ட எங்கள் திட்டத்தை, நிரலை ஓட்டாமலேயே அதில் பிழை தேடும் சிபிபிசெக் கருவியைக் கொண்டு கட்டளை வரியிலிருந்து சோதித்து, முடிவுகளை ஒரு கோப்பில் சேமிக்கும்படி சிஐ பணி (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை) ஒன்றை அமைத்திருக்கிறேன். மூல அடைவின் பெயரைக் கொடுத்து, இறுதியில் > குறியுடன் அறிக்கைக் கோப்பின் பெயரை எழுதுகிறேன். கருவி சரியாகப் பார்க்கிறதா என்று அறிய, 10 உறுப்புகள் கொண்ட அணி ஒன்றில் 10ஆம் சுட்டெண்ணில் (0 முதல் 9 வரையே செல்லும்) மதிப்பை எழுதும் ஒரு வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். அந்தப் பிழை திரையில் தோன்றியது. ஆனால் கோப்பில் எந்தெந்தக் கோப்புகள் சோதிக்கப்பட்டன என்ற வரிகள் மட்டுமே இருந்தன. அதைவிட வியப்பானது, அந்த வரி இருந்தும் சிஐ பணி வெற்றி என்றே முடிந்தது. என் கட்டளையில் எதை மாற்ற வேண்டும்?

கரிசல்:
இரண்டும் தனித்தனிக் காரணங்கள். சிபிபிசெக் தன் முன்னேற்றச் செய்திகளை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலும், கண்டறிந்த குறைகளை ஸ்டாண்டர்ட் எரரிலும் எழுதுகிறது. > குறி முதலாவதை மட்டுமே திருப்புவதால், குறைகள் திரைக்கே போகின்றன. 2> என்று எழுதினால் அவை கோப்புக்குள் வந்துவிடும். --அவுட்புட்-ஃபைல் தெரிவைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. --எக்ஸ்எம்எல் கொடுத்தாலும் வழி மாறாது, அதுவும் ஸ்டாண்டர்ட் எரரில்தான் வரும். முன்னேற்ற வரிகள் வேண்டாமென்றால் --கொயட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிஐ விஷயத்தில், குறைகள் கிடைத்தாலும் இக்கருவி முன்னிருப்பாக, வெற்றியைக் குறிக்கும் 0 என்ற மதிப்புடனேயே வெளியேறும். அதற்கு வேறு மதிப்பு வேண்டுமென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்: --எரர்-எக்ஸிட்கோட்=1. சிஐ உலகில் இதை ஒரு பொறி என்றே கருதுகிறேன். பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதியாக இருக்கும் குழுக்கள் எத்தனையோ.

தறி:
கரிசல் சொன்னது சரி, ஆயினும் அத்துடன் நிறுத்திக்கொண்டால் போதாது. முன்னிருப்பாக எரர் வகைச் செய்திகள் மட்டுமே காட்டப்படும். வார்னிங், பெர்ஃபார்மன்ஸ், போர்ட்டபிலிட்டி போன்றவற்றை --எனேபிள் மூலம் இயக்க வேண்டும். ஆனால் முதல் நாளிலேயே --எனேபிள்=ஆல் கொடுத்து, கூடவே எரர்-எக்ஸிட்கோடையும் வைத்தால், மாறியின் வீச்சைக் குறைக்கலாம் என்பது போன்ற நடைக் குறிப்பு ஒன்றுகூடப் பணியைத் தோற்கடிக்கும்; ஒரு வாரத்தில் யாராவது அந்தப் படியையே நீக்கிவிடுவார்கள். எரர், வார்னிங் இரண்டுடன் தொடங்கி, ஏற்கெனவே இருக்கும் குறைகளை --சப்ரஷன்ஸ்-லிஸ்ட் கோப்பில் பட்டியலிட்டு, புதிதாக வருபவற்றுக்கு மட்டும் பணி தோற்கும்படி செய்வதே என் பரிந்துரை. குறிப்பிட்ட ஒரு வரிக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்றால் நிரலிலேயே குறிப்புரையாக எழுதலாம். ஆனால் --இன்லைன்-சப்ர் தெரிவைக் கொடுக்காவிட்டால் கருவி அதைக் கண்டுகொள்ளாது.

அலைவாய்:
தறியின் கருத்தோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர: அடைவின் பெயரை மட்டும் கொடுத்து ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அப்போது கருவிக்கு உங்கள் இன்க்ளூட் பாதைகளும் மேக்ரோ வரையறைகளும் தெரியாது. இஃப்டெஃப் கிளைகளின் (மேக்ரோ வரையறையைப் பொறுத்துச் சேரும் அல்லது விடுபடும் நிரல் பகுதிகளின்) பல சேர்க்கைகளை அது தானாகவே முயன்று பார்த்தாலும், ஒரு கோப்புக்கு 12 சேர்க்கைகள் என்ற முன்னிருப்பு வரம்பு உண்டு. அதைத் தாண்ட --ஃபோர்ஸ் அல்லது --மேக்ஸ்-கான்ஃபிக்ஸ் தேவை. திட்டத்தைத் தொகுக்கச் சிமேக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ் என்பதை இயக்கி, தொகுப்புக் கட்டளைகளைப் பட்டியலிட்டு உருவாகும் ஜேசன் கோப்பை --ப்ராஜெக்ட் தெரிவுக்குக் கொடுங்கள். நீங்கள் உண்மையில் தொகுக்கும் நிரலையே அது சோதிக்கும். சிமேக்கின் மேக்ஃபைல், நின்ஜா ஆக்கிகள்தான் அந்தக் கோப்பை எழுதும். விஷுவல் ஸ்டுடியோவுக்கு அதன் திட்டக் கோப்பையே நேரடியாகக் கொடுக்கலாம். கணினித் தலைப்புக் கோப்புகள் கிடைக்கவில்லை என்ற தகவல் வந்தால் கவலை வேண்டாம், செந்தர நூலகத்தைப் பற்றிய அறிவு கருவியுடனேயே வருகிறது.

பனையோலை:
மூவருக்கும் நன்றி. ஜேசன் கோப்பைக் கொடுத்து, எக்ஸிட்கோடையும் சேர்த்த பின், அந்த அணி வரி அறிக்கையில் பதிவாகிப் பணியும் தோல்வியில் முடிகிறது. வேகத்துக்காக, வேலையை நான்காகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் -ஜே 4 கொடுத்திருக்கிறேன். பயன்படுத்தப்படாத செயற்கூறுகளைப் பற்றிய சோதனையை இயக்கியும் எதுவும் வரவில்லையே?

கரிசல்:
அந்தச் சோதனைக்கு நிரல் முழுவதையும் ஒருசேரப் பார்க்க வேண்டியிருப்பதால், -ஜே கொடுத்துப் பிரித்து ஓட்டும்போது அது வழக்கமாகச் செயல்படாது. அதை மட்டும் -ஜே இல்லாமல், இரவில் ஓடும் தனிப் பணியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் அது தேவைப்படாது.