கோத்தகிரி இறக்கம்: பிரேக் லிவர் ஹேண்டில்பாரைத் தொடுகிறது, உதவி தேவை

கேள்வி
சைக்கிள்களை ஊட்டி வரை வேனில் ஏற்றி வந்து, அங்கிருந்து குடும்பமாக மிதிக்கிறோம். இப்போது கோத்தகிரியில் இருக்கிறோம், நாளை மறுநாள் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். என் வண்டியில் ஒயர் டிஸ்க் பிரேக், 160 மி.மீ. டிஸ்க், பின்னால் 6 வயது மகனின் டிரெய்லர் சைக்கிள் (என் வண்டியோடு இணைத்து இழுப்பது). மனைவிக்கும் அதே பிரேக்தான். மகளுக்கு (11 வயது) 24 இன்ச் வண்டி, வீ பிரேக் (ரிம்மை இரண்டு கட்டைகள் கவ்வும் வகை). கட்டபெட்டு இறக்கத்திலேயே என் முன் லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. கருகல் வாசம், கீச்சென்று சத்தம். ஒயரை இறுக்கினால் பத்து நிமிஷம் சரியாக இருக்கிறது, பிறகு பழைய கதை. மகளுக்கு விரல் வலிக்கிறதாம். ஒயருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாற வேண்டுமா?

பதில் 1
சார், முதலில் ஒன்று சொல்லுங்கள். வண்டி அரை மணி நேரம் ஆறிய பிறகு லிவர் பழையபடி வருகிறதா? டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் எவ்வளவு மிச்சம்?

கேட்டவர்
ஆறினாலும் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன்: சக்கரப் பக்கப் பேட் காகிதம் போல் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கம் பரவாயில்லை. டிஸ்க் ஒரு பக்கமாக வளைந்து போய்ப் பிடிக்கிறது.

பதில் 1
அப்போது சூட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒயர் டிஸ்க் பிரேக் பெரும்பாலானவற்றில் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகரும். உள்பக்கப் பேட் அசையாது. தேய்மானத்தை ஒயரை இறுக்கியே ஈடுகட்டினால், பேடை அழுத்தும் பாகமான கேலிப்பரின், ஒயர் இழுக்கும் கை முன்கூட்டியே பாதி தூரம் போய் நிற்கும். இழுவை பலம் போய்விடும். அதனால்தான் பத்து நிமிஷம்.

பேட் உரசும் பகுதி அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். முன்னும் பின்னும் ஜோடியாக வாங்குங்கள், உபரியாக இன்னொரு ஜோடியும். வாங்கும் முன் டிஸ்க்கில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ரெசின் பேட் மட்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தால் மெட்டல் பேட் போடக்கூடாது, டிஸ்க்கைத் தின்றுவிடும்.

மாட்டும்போது ஒயரை முழுக்கத் தளர்த்தி, கேலிப்பர் கை ஓய்வு நிலைக்குத் திரும்பியதா என்று பாருங்கள். கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்துங்கள். ஸ்போக் இடுக்கு வழியாக 5 மி.மீ. ஆலன் கீயோ டார்க்ஸ் கீயோ விட்டு உள்பக்கப் பேடை டிஸ்க் வரை கொண்டு வாருங்கள். விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். ஒயரைச் சும்மா தொங்காத அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டி, லிவரைப் பிடித்தபடியே இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். இனி தேயத் தேய முதலில் உள்பக்கம், பிறகுதான் ஒயர்.

டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள், விரல் பட வேண்டாம். சமதளத்தில் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டாமல், ஒரு இருபது தடவை பிடித்து விடுங்கள். புதுப் பேட் அப்போதுதான் பிடிக்கும்.

ஹைட்ராலிக் எல்லாம் இந்தப் பயணத்துக்கு நடுவில் வேண்டாம்.

பதில் 2
பேட் சரியானாலும் சூட்டை மறக்காதீர்கள் அண்ணா. மகன், டிரெய்லர், மூட்டை எல்லாம் சேர்த்து 140 கிலோ என்று வைத்தால், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் சுமார் 1,450 மீட்டரில் வெளிவரும் ஆற்றல் ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். 33 கி.மீ. முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே போனால் அதில் பெரும்பங்கு பேட் மேல்தான் விழும். நேரான இடத்தில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விடுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கை இறுக்கினால் டிரெய்லர் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். 4, 5 கி.மீ.க்கு ஒருமுறை நின்று ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும்.

மகளின் லிவரில் உள்பக்கம் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதை உள்ளே முறுக்கினால் லிவர் கைக்கு நெருங்கும். பிறகு ஒயரைச் சரிசெய்யுங்கள். கட்டை ரிம்மில் மட்டும் படுகிறதா பாருங்கள், டயரில் பட்டால் அறுத்துவிடும். கட்டையில் அலுமினியத் துகள் குத்தியிருந்தால் ஊசியால் எடுத்து, உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு. 24 இன்ச் ரிம் சீக்கிரம் சூடேறும். அவள் வேகத்துக்குத்தான் எல்லோரும் போக வேண்டும். அவளை நடுவில் விடுங்கள், அம்மா கடைசி.

பதில் 3
பனி விலகியதும் கிளம்பி, மத்தியானத்துக்குள் கீழே போய்விடுங்கள். குஞ்சப்பனை பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டுக்கே வரும்; பலா வாசம் அடிக்கிற இடத்தில் டீ குடிக்க நிற்காதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

கேட்டவர்
பேட் கோவையிலிருந்து பார்சலில் வந்துவிட்டது, ரெசின்தான். மாட்டி, இருபது தடவை பிடித்தும் பார்த்தாச்சு. லிவர் பாதியிலேயே கடிக்கிறது. கீச் சத்தம் மட்டும் லேசாக இருக்கிறது.

பதில் 1
டிஸ்க்கை ஹப்போடு பிடிக்கும் ஆறு போல்ட்டும் இறுக்கமா பாருங்கள், எதிரெதிராக இறுக்குங்கள். எல்லாம் இறுக்கம் என்றால் சத்தத்தை விடுங்கள், அரவேனு தாண்டுவதற்குள் அடங்கிவிடும்.