மறுமொழி: குவாசருக்கு ‘விண்மீன்போலி’ வேண்டாம், ‘பேரொளிக்கரு’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம். வெகு தொலைவில் பளிச்சென்று ஒளிரும் விண்மீன் மண்டல (கேலக்ஸி) மையமே குவாசர். அதற்குத் தமிழில் ‘விண்மீன்போலி’ போதும் என்று ஐயா எழுதியதற்கு என் பதில் இது.

> ‘விண்மீன்போலி’ என்பதே போதும். இலக்கணத்தில் போலி இழிசொல் அன்று. ‘அரசு’ ‘அரைசு’ ஆவதும் போலிதானே.

ஐயா, இலக்கணம் நீங்கள் சொன்னபடிதான். நானும் இந்தச் சொல்லை நம்பித்தான் மார்ச் அமாவாசையை ஒட்டி மாணவிகளையும் பெற்றோர் சிலரையும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். சேர்வராயன் கோயில் பக்கத்து மேட்டில் 10 அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தினோம். தெற்கே அடிவானம் முழுக்கச் சேலத்து வெளிச்சம். ஆனால் நாங்கள் தேடிய குவாசரான 3சி 273 கன்னி ராசியில் இருக்கிறது. அந்த மாதக் கடைசியில் நள்ளிரவுக்கு நமக்குக் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும். அதனால் தப்பித்தோம்.

தெரிந்தது மங்கலான ஒரு புள்ளி, அவ்வளவுதான். “இதுதான் விண்மீன்போலி” என்றேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி உடனே கேட்டாள்: “போலின்னா மேலே வெள்ளி, உள்ளே பித்தளையா மிஸ்?”

அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்கு அந்தச் சொல் ஓடவில்லை. வெளியே தெரிவதைவிட உள்ளே இருப்பது மட்டம் என்பதுதான் இன்று போலிக்குப் பொருள். இங்கே நிலைமை நேர்மாறு. அந்தப் புள்ளி சுமார் 240 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதை 33 ஒளியாண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் நம் சூரியன் அளவுக்குச் சுடர்விடும். ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் பெருங்கருந்துளைக்குள் வாயு சுழன்று விழுகிறது. விழும் வழியில் உரசிக் கொதித்து ஒளிர்கிறது. அந்த மண்டலத்து விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து தரும் ஒளியையும் இது அமுக்கிவிடுகிறது. இதைப் போய்ப் போலி என்பதா?

அந்த ஆங்கிலப் பெயரே அவசரத்தில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1962-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில், நிலா 3சி 273 என்ற இந்த வானொலி மூலத்தை மறைக்கும் நொடியையும் விடும் நொடியையும் குறித்து சிரில் ஹசார்டு குழு இதன் இடத்தைத் துல்லியமாகக் கண்டது. (நம் ஊட்டி முத்தோரையில் 1970-இல் எழுந்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியும் இதே நிலா மறைப்பு முறைக்காகக் கட்டப்பட்டதுதான். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்து அட்சரேகையோடு ஒத்துப்போகும்படி கோவிந்த் ஸ்வரூப் தேடிப் பிடித்த இடம் அது. நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது.) அந்த இடத்தில் மார்ட்டின் ஷ்மிட் பாலோமர் தொலைநோக்கியால் நிறமாலை எடுத்தார். கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 1963-இல்தான் விடை பிடிபட்டது: பெரும்பாலும் பழகிய ஹைட்ரஜன் கோடுகளே, ஏறக்குறைய 16 விழுக்காடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. 486 நானோமீட்டரில் இருக்க வேண்டிய நீலப்பச்சைக் கோடு 563-இல் உட்கார்ந்திருந்தது. அவ்வளவு நகர்வு என்றால் அது நம் மண்டலத்துக்கு வெகு அப்பால் இருக்கிறது என்று பொருள். விண்மீன் என்ற எண்ணம் அன்றே போய்விட்டது.

அதன் பிறகும், 1964-இல் ஹாங்-யீ சியூ ‘விண்மீன் போன்ற வானொலி மூலம்’ என்ற நீண்ட பெயரைச் சுருக்கிக் குவாசர் என்றார். அது விண்மீன் அல்ல. இவற்றில் வானொலியில் வலுவாகத் தெரிபவையும் பத்தில் ஒன்றுதான். பெயரின் இரண்டு பாதியும் பொருந்தவில்லை. அதை நாம் ஏன் தமிழில் பெயர்த்துச் சுமக்க வேண்டும்?

> எரிநட்சத்திரம் நட்சத்திரமா? வழங்குகிறதே.

வழங்குகிறது, ஐயா. அது கண்ணால் பார்த்த மக்கள் வைத்த பெயர், தலைமுறைகளாகப் புழங்கிவிட்டது. குவாசரை வெறுங்கண்ணால் யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு அது முதலில் வருவதே பாடப்புத்தகச் சொல்லாகத்தான். அந்தச் சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிட வேண்டும் என்பது என் ஆசை.

எனவே பேரொளிக்கரு. ‘கரு’ என்றால் பிள்ளைகள் முட்டைக்கருவை நினைப்பார்கள் என்று ஓசூர் நண்பர் அஞ்சுகிறார். அணுக்கருவைப் படித்த பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள். கருமையும் அதே சொல்லில் ஒளிந்திருப்பது எனக்குப் பிடிக்கிறது, உள்ளே இருப்பது கருந்துளை அல்லவா. ‘பேரொளி’ ஏன் என்றால், இப்படிக் கருந்துளையால் ஒளிரும் மண்டல மையங்கள் பலவற்றிலும் குவாசர்கள்தான் மிகப் பிரகாசமானவை. வெறும் ‘ஒளிர்கரு’ என்றால் மற்றவையும் உள்ளே வந்துவிடும்.

வாக்கியத்தில் போட்டும் பார்த்தேன்: பேரொளிக்கருவின் நிறமாலை, வானொலிப் பேரொளிக்கரு, இரட்டைப் பேரொளிக்கரு. தடுக்கவில்லை. ‘உடுப்போலி’ (உடு என்றால் விண்மீன்) என்று இன்னொருவர் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பே ‘உடுப்பு’ என்று வாசித்தது. அது வேண்டாம்.

முதல்முறை எழுதும்போது அடைப்பில் ‘குவாசர்’ என்று தருவதில் எனக்கு மறுப்பில்லை. மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு அது தேவைப்படும்.

இனி அந்தக் கருந்துளையைச் சுற்றிச் சுழன்று விழும் வாயுத் தட்டுக்கு வருவோம். ‘சேர்வட்டு’ என்று எழுதி வருகிறேன். சேர்வது, வட்டமாக இருப்பது இரண்டும் வருகின்றன, விழுவது வரவில்லை. ஐயா, ‘வீழ்வட்டு’ என்றால் புணர்ச்சி சரிதானே?

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து