அப்கிரேடுக்குப் பிறகு ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, எங்கள் அச்சகத்தில் உள்ள பழைய சர்வரை டெபியன் லினக்ஸ் 11-லிருந்து 12-க்கு நேற்றிரவு மாற்றினேன். ரீபூட் செய்ததும் ரூட் டிஸ்க்கைக் காணோம் என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறிய தற்காலிக ஃபைல் தொகுப்பு) பிராம்ப்ட்டில் நின்றுவிட்டது. டிஸ்க்குகள் ரெய்ட் கார்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கார்டு) இருக்கின்றன. அதற்கான டிரைவர் மெகாரெய்ட் சாஸ். பிராம்ப்ட்டில் மோட்புரோப் (டிரைவர் மாட்யூலை ஏற்றும் கட்டளை) கொடுத்தால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது.

பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய 5.10 கெர்னலைத் (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்தால் ஒழுங்காக பூட் ஆகிறது. ஆக, கார்டும் டிஸ்க்கும் நலம். புதிய 6.1-இன் இனிட்ராம்எஃப்எஸ்ஸில்தான் டிரைவர் ஏறவில்லை.

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். பூட் பார்ட்டிஷன் வெறும் 250 எம்பி. நடுவில் இடம் தீர்ந்துபோக, இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக் ஃபைலில் மாட்யூல்ஸ் என்ற வரியை 'மோஸ்ட்'டிலிருந்து (பெரும்பாலான டிரைவர்களையும் சேர்ப்பது) 'டெப்'புக்கு (இந்த மெஷினுக்குத் தேவை எனக் கணிப்பதை மட்டும் சேர்ப்பது) மாற்றினேன். (தூக்கக் கலக்கத்தில் செய்த வேலை.)

இப்போது 'டெப்' அப்படியே இருக்க, மாட்யூல்ஸ் பட்டியல் ஃபைலில் இந்த டிரைவர் பெயரை மட்டும் சேர்த்துத் திரும்ப உருவாக்கினால் போதுமா? அல்லது 'மோஸ்ட்'டுக்கே திரும்பி, சுருக்கும் முறையை எக்ஸ்இசட் ஆக்கினால் 250 எம்பிக்குள் அடங்குமா? 5.10-ஐ அழித்தால் இடம் கிடைக்கும், ஆனால் இப்போதைக்கு பூட் ஆவது அது ஒன்றுதான். கை வைக்கப் பயமாக இருக்கிறது. இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.