சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறணும்னு நினைக்கிறீங்களா? வெளிநாட்டுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

படிக்க வந்தவங்களும் வேலைக்கு வந்தவங்களும் மாத்தி மாத்தி ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க: "அண்ணா, தம்மை விட்டுட்டு வேப்புக்கு மாறலாம்னு இருக்கேன், எதை வாங்கறது?" ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் போடறதுக்கு மொத்தமா இங்கயே எழுதிடறேன். வேப்னா பேட்டரில ஓடற இ-சிகரெட். சிகரெட் பழக்கமே இல்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம். உங்களுக்கு வேப் தேவையே இல்ல. இல்லாத ஒரு அடிமைத்தனத்தைக் காசு கொடுத்து வாங்கிக்காதீங்க.

மாறுறதுல அர்த்தம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. சிகரெட்ல ஆளைக் கொல்றது பெரும்பாலும் நிகோடின் இல்ல. புகையிலை எரியறப்ப வர்ற தார், கார்பன் மோனாக்ஸைடு, கூடவே வர்ற ஆயிரக்கணக்கான ரசாயனங்கள், இதெல்லாம்தான். வேப்ல எதுவும் எரியறதில்ல. ஒரு சின்னக் கம்பிச்சுருள் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குது, அவ்வளவுதான். அதுக்காக அந்த ஆவி சுத்தமான காத்துன்னு நினைச்சுடாதீங்க. ஹோன் லிக்ங்கற சீன மருந்தாளுநர் இதை உருவாக்கினது 2003 வாக்குலதான். முப்பது நாப்பது வருஷம் பிடிச்சவங்க உடம்பு எப்படி இருக்கும்னு பாக்கறதுக்கு இன்னும் அவ்வளவு காலமே ஆகல.

2019ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ்ல ஒரு இங்கிலாந்து ஆய்வு வந்தது. சிகரெட்டை விட நினைச்ச 886 பேர்ல ஒரு பாதிக்கு வேப், மறுபாதிக்கு தோல்ல ஒட்டற பேட்ச், மெல்லற கம் மாதிரி நிகோடின் மருந்து. ரெண்டு பக்கத்துக்கும் ஆலோசனையும் உண்டு. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா, வேப் பக்கம் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தாங்க, மருந்துப் பக்கம் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா இதையே திருப்பியும் பாருங்க: வேப் கையில கொடுத்தும் அஞ்சுல நாலு பேரால விட முடியல. விட்டவங்கள்லயும் 80 சதவீதம் பேர் அப்பவும் வேப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. கடைக்காரர் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்.

அந்த நாலு பேர் ஏன் திரும்பிப் போறாங்கன்னு கேட்டா, என் கணிப்புல பெரிய காரணம் நிகோடின் பத்தாம போறது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதறவர் "எதுக்கு வம்பு, கம்மியாவே இருக்கட்டும்"னு மில்லிக்கு 3 மில்லிகிராம் நிகோடின் மட்டும் இருக்கற லிக்விட் (வேப்ல ஊத்தற திரவம்) வாங்குவார். நாள் முழுக்க இழுத்தாலும் அடங்காது. நாலாம் நாள் "வேப் எல்லாம் நமக்கு செட் ஆகாதுப்பா"ன்னு சிகரெட்டைப் பத்த வைப்பார். ஆரம்பத்துல நிகோடின் போதுமான அளவு இருக்கணும். குறைக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்.

எவ்வளவு போதும்? காலைல எழுந்து அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் வேணும், இல்ல ஒரு நாளைக்கு இருபது பக்கம் போகுதுன்னா, ஒரு மில்லிக்கு 18 முதல் 20 மில்லிகிராம் இருக்கற நிகோடின் சால்ட் லிக்விட்ல ஆரம்பிங்க. பத்துப் பன்னண்டு சிகரெட்காரங்களுக்கு 10 அல்லது 12 சரியா வரும். எப்பவாவது கூட்டத்துல மட்டும் ஊதறவங்க வேப்புக்குப் போகாம பேட்ச், கம் வச்சு நேரா விட்டுடறதே மேல். சால்ட்னு சொல்றது நிகோடினோட பென்சோயிக் அமிலம் மாதிரி ஒரு அமிலம் சேத்த வகை. அளவு கூடுதலா இருந்தாலும் தொண்டையை அறுக்காது. அமிலம் சேக்காத பழைய ஃப்ரீபேஸ் வகை 12க்கு மேல போனாலே பலருக்குக் குத்தும்.

கருவி விஷயத்துல அதிகம் யோசிக்காதீங்க. திரும்பத் திரும்ப நிரப்பற மாதிரி ஒரு சின்ன பாட் கிட் (லிக்விட் குப்பி மாட்டற சின்ன வேப்) போதும். சிகரெட்டை வாயில இழுத்து, அப்புறம்தானே உள்ள விடறோம், அதே மாதிரி இழுக்கற வகையா பாருங்க. காயில், அதாவது சூடாகற அந்தக் கம்பிச்சுருள், 0.8 முதல் 1.2 ஓம் வரைக்கும். குபுகுபுன்னு மேகம் விடற பெரிய மெஷின்கள் நேரா நுரையீரலுக்கு இழுக்கறதுக்கானது. அதுல 20 மில்லிகிராம் லிக்விட் ஊத்தினா முதல் இழுப்புலயே தலை சுத்தும். லிக்விட்ல பிஜி (புரோப்பிலீன் கிளைகால்), விஜி (வெஜிடபிள் கிளிசரின்)னு ரெண்டு திரவம் கலந்திருக்கும். சின்ன பாட்டுக்குப் பாதிக்குப் பாதி இருக்கறது பொருந்தும். விஜி அதிகமானா கெட்டியாகி காயிலுக்குள்ள இறங்காது. சுவை உங்க இஷ்டம். புகையிலைச் சுவைல ஆரம்பிக்கிறவங்க பலர் "இது சிகரெட் மாதிரியே இல்லையே"ன்னு ஏமாந்து போறதைப் பாத்திருக்கேன். புதினா மாதிரி சம்பந்தமே இல்லாத ஒண்ணை எடுத்தா அந்த ஒப்பிடல் வராது.

புது காயில் போட்டதும் உடனே இழுக்காதீங்க. லிக்விட் நிரப்பிட்டு பத்து நிமிஷம் விடுங்க, உள்ள இருக்கற பஞ்சு நனையட்டும். காஞ்ச பஞ்சு கருகினா வர்ற நாத்தம் மறக்காது, அந்தக் காயிலும் அதோட போச்சு. கருகின வாடை எப்ப வந்தாலும் நிறுத்திடுங்க. அதிகச் சூட்டுலதான் ஃபார்மால்டிஹைடு மாதிரி விஷங்கள் கூடுதலா உருவாகும்.

இழுக்கற விதமும் வேற. சிகரெட் மாதிரி வெடுக்குனு இழுத்தா லிக்விட் வாய்க்குள்ள வரும். மெதுவா, மூணு நாலு விநாடி இழுங்க. நிகோடின் ஏறவும் சிகரெட்டை விடக் கொஞ்சம் நேரமாகும். அதனால ரெண்டு இழுப்பு இழுத்து ரெண்டு நிமிஷம் பொறுங்க, அப்புறம் தேவைப்பட்டா இன்னொண்ணு. குமட்டல், தலைவலி, நெஞ்சு படபடப்பு வந்தா அளவு மிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், கீழ வச்சிடுங்க. முதல் வாரம் இருமல் வரும், தொண்டை வறளும், சிலருக்கு வாய்ப்புண்ணும் வரும். தண்ணி நிறையக் குடிங்க. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தா அது பழகற தொந்தரவு இல்ல, டாக்டரைப் பாருங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு காபி. சிகரெட் புகைல இருக்கற சில ரசாயனங்கள் கல்லீரல்ல ஒரு நொதியை வேகப்படுத்தி வச்சிருக்கும். காஃபீன் அதனாலதான் சீக்கிரம் கரையும். புகை நின்னதும் நொதி பழைய வேகத்துக்கு வந்துடும். நீங்க குடிக்கிறது அதே காபிதான், ரத்தத்துல நிக்கற காஃபீன் கூடிடும். தூக்கம் வரல, கை நடுங்குது, எரிச்சலா இருக்குன்னு சொல்றவங்க வேப்பைத் திட்டறதுக்கு முன்னாடி காபியைப் பாதியாக்கிப் பாருங்க. இதே காரணத்தால குளோசபின், ஓலான்சபின், தியோஃபிலின் மாதிரி மருந்து சாப்பிடறவங்க சிகரெட்டை நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், மருந்தளவை மாத்த வேண்டியிருக்கலாம். கர்ப்பமா இருக்கறவங்க, இதய நோய் இருக்கறவங்களும் தானா முடிவெடுக்காதீங்க.

அடுத்தது, "பாதி சிகரெட், பாதி வேப்"னு ஓட்டறவங்க. முதல் ஒண்ணு ரெண்டு வாரம் சரி. அதையே மாசக்கணக்கா பண்ணினா உடம்புக்குப் பெரிய லாபம் இல்ல. 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வுத் தொகுப்பு என்ன சொல்லுதுன்னா, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிச்சாலும், இருபது பிடிக்கறவருக்குக் கூடுற இதய நோய் அபாயத்துல கிட்டத்தட்ட பாதி உங்களுக்கும் வந்துடும். இருபதை ஒண்ணாக்கிட்டேன், அபாயமும் இருபதுல ஒரு பங்கா போச்சுன்னு கணக்குப் போட முடியாது. கடைசி அந்த ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறமோ ராத்திரி பால்கனியிலயோ பிடிக்கிறீங்களே, அதுதான் முக்கியமா போகணும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேற, அடிக்கடி மாறவும் மாறும். நான் எழுதறதை வச்சு மட்டும் நம்பிடாம உங்க நாட்டு அரசாங்கப் பக்கத்தைப் பாத்துக்குங்க. பிரிட்டன்லயும் ஐரோப்பிய ஒன்றியத்துலயும் நிகோடின் உச்ச அளவு மில்லிக்கு 20 மில்லிகிராம், பாட்டில் 10 மில்லி, டேங்க் 2 மில்லி. பிரிட்டன்ல 2025 ஜூன் 1ல இருந்து தூக்கிப்போடற வேப் விக்கறதுக்குத் தடை. யாராவது இன்னும் வித்தா அது கள்ளச்சரக்கு. புகையை நிறுத்த உதவற சேவைகள் அங்க இலவசம், சில இடங்கள்ல வேப் கிட்டே கொடுக்கறாங்க, கேட்டுப் பாருங்க. கனடாவுலயும் 2021ல இருந்து உச்ச அளவு 20தான். அமெரிக்கால 50 மில்லிகிராம் வரைக்கும் சாதாரணமா கிடைக்கும், வாங்க வயசு 21 ஆகணும். இங்கிலாந்துல 20 மில்லிகிராம் பிடிச்ச கை அங்க போனதும் 50ஐ எடுத்தா தாங்காது. ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலைல இருந்து வேப் மருந்துக் கடைல மட்டும்தான், சுவையும் புகையிலை, புதினா, மென்தால் தவிர வேற இல்ல. டாக்டர் சீட்டு வேணுமாங்கறது மாநிலத்தைப் பொறுத்தது.

கள்ளச்சரக்கைப் பத்தி ஏன் கத்தறேன்னா, 2019ல அமெரிக்கால வேப் பிடிச்சவங்க நுரையீரல் பாதிச்சு ஆயிரக்கணக்குல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. 2020 பிப்ரவரி கணக்குப்படி 2,807 பேர், 68 மரணம். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சந்தைக் கார்ட்ரிட்ஜ்ல வைட்டமின் ஈ அசிடேட்னு ஒரு எண்ணெயைச் சேத்ததுதான் காரணம்னு பிறகு தெரிஞ்சது. ரூம்மேட் "ஒரு இழுப்பு இழுத்துப் பாரு மச்சி"ன்னு நீட்டற லேபிள் இல்லாத சாமானுக்கு முடியாதுன்னு சொல்லிடுங்க.

வீட்டு விஷயம் சுருக்கமா. லிக்விட் பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்துல பூட்டி வைங்க. கொஞ்சம் குடிச்சாலும் சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. கையில சிந்தினா உடனே கழுவுங்க. ராத்திரி தலைமாட்டுல சார்ஜ் போட்டுத் தூங்காதீங்க. புகை அலாரத்துக்குக் கீழ நின்னு ஊதினா ஆவிக்கும் அது கத்தும், அபார்ட்மெண்ட் மொத்தமும் நடுராத்திரி ரோட்டுல நிக்கும். ஆயுள் காப்பீடு எடுக்கறப்ப "புகைக்கிறீங்களா"ங்கற கேள்விக்கு வேப்பையும் சொல்லிடுங்க. பல நிறுவனங்கள் அதையும் புகைப்பழக்கமாத்தான் எடுத்துக்கும். கோட்டினின் (நிகோடின் உடம்புக்குள்ள மாறி வர்ற பொருள்) சோதனைல நிகோடின் தெரிஞ்சுடும், மறைச்சா பின்னாடி கிளெய்ம்ல மாட்டும்.

கமெண்ட்ல ஒருத்தர் ஐகோஸ் பத்திக் கேட்டிருந்தார். அது வேப் இல்ல. நிஜப் புகையிலையையே எரிய விடாம சூடாக்கற கருவி. நான் மேல சொன்ன வேப் ஆய்வு அதுக்குப் பொருந்தாது.

இன்னொருத்தர், "எப்ப குறைக்க ஆரம்பிக்கலாம்?" சிகரெட் நினைப்பே வராம சில மாசம் ஓடட்டும். அப்புறம் 20ல இருந்து 15 அல்லது 10, பிறகு 6. குறைச்சதும் கை அடிக்கடி பாக்கெட்டுக்குப் போச்சுன்னா அவசரப்பட்டுட்டீங்க, ஒரு படி மேல ஏறிக்குங்க. சிகரெட் திரும்ப வர்றதை விட அது எவ்வளவோ மேல்.

கடைசியா, நிறைய பேர் கோட்டை விடற இடம்: லீவுக்கு ஊருக்குப் போறது. வேப் பேட்டரி கைப்பெட்டில மட்டும்தான், லக்கேஜ்ல போடக்கூடாது, விமானத்துல சார்ஜ் பண்ணக்கூடாது. அது விமான விதி. அதுக்கு மேல நாட்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர்ல 2018 பிப்ரவரில இருந்து வேப் கையில வச்சிருக்கறதே குற்றம். 2025 செப்டம்பர்ல இருந்து தண்டனையும் கூடியிருக்கு, திரும்பத் திரும்ப மாட்டற வெளிநாட்டுக்காரங்களோட விசாவே போகலாம். இந்தியால 2019 சட்டப்படி இறக்குமதி, விற்பனை, இருப்பு வைக்கிறது எல்லாமே தடை. இறக்குமதிக்கு முதல் தடவையே ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். "ஒண்ணே ஒண்ணு, சொந்த உபயோகம்"னு கஸ்டம்ஸ்ல வாதாடற வேலை வேண்டாம். இலங்கைக்குப் போறவங்களும் கிளம்பறதுக்கு முன்னாடி அங்கத்த சட்டத்தைப் பாத்துக்குங்க.

வேப்பை இங்கயே வச்சுட்டுப் போறோம், அங்க பழைய நண்பர்கள் பாக்கெட்டை நீட்டறாங்க, முடிஞ்சது கதை. அதனால கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நிகோடின் கம் வாங்கிப் பழகிக்குங்க. 2 மில்லிகிராம் கம் இந்தியால மருந்துக் கடைலயும் கிடைக்கும். சாதா சூயிங் கம் மாதிரி விடாம மென்னா விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். காரம் தெரியற வரைக்கும் மெதுவா மென்னுட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க. காரம் குறைஞ்சதும் மறுபடி மெல்லுங்க. அரை மணி நேரம் வரும். காபி, ஜூஸ் குடிச்ச கையோட போட்டா சரியா உறிஞ்சாது, கால் மணி நேரம் விடுங்க. நண்பர் சிகரெட்டை எடுக்கறதுக்கு முன்னாடியே உங்க வாயில அது இருக்கணும்.