மட்டக்களப்பில் ‘ஹோல்சேல்’ காணி வியாபாரம் சரிவருமா? 40 லட்சத்தோடு எங்கே தொடங்குவது?

நாவற்குடாத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் நாவற்குடா. ஏழு வருடமாகக் கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை. சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி இங்கே இருக்கும் எண்ணம் இல்லை. தங்கச்சிக்கு வீட்டைக் கட்டி, அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்து, கலியாணமும் முடித்து வைத்தாயிற்று. அவ்வளவும் போக 40 லட்சம் கையில் இருக்கிறது. எனக்கென்று ஊரில் ஒரு துண்டு வளவும் இல்லை.

இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் நித்திரை வராது. அந்த நேரத்தில் அமெரிக்காக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து ‘ஹோல்சேலிங்’ என்ற விஷயத்தில் மனம் போய்விட்டது. விற்க அவசரப்படுகிற ஒருவரிடம் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்வது, பிறகு அந்த ஒப்பந்தத்தையே கூடிய விலைக்கு இன்னொருவருக்கு மாற்றிவிடுவது. வீட்டை நாம் வாங்கவே தேவையில்லை, இடையில் நிற்கிற காசு நமக்கு. நம் ஊரில் பிள்ளைகள் எல்லாம் கனடா, லண்டன் என்று போய், பூட்டிக் கிடக்கும் வளவுகள் எத்தனை? இது இங்கே ஓடும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஊறணியில் தெரிந்த ஒரு அம்மா தனியாக இருக்கிறார். பழைய வீடும் வளவும் 62 லட்சத்துக்குத் தரச் சம்மதம். 70க்கு எடுக்க எனக்கு ஆள் இருக்கிறது. 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்து வாங்கினால் போதுமா? அல்லது இந்த யோசனையை விட்டுவிட்டு, ஒரு சின்ன வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லடியிலிருந்து சிக்காகோ:

தம்பி, வீடியோவில் பாதியைத்தான் சொல்வார்கள். இங்கே ஹோல்சேல் செய்கிறவர் வீட்டை விற்பதில்லை, வாங்குவதற்குத் தனக்கு இருக்கும் உரிமையை விற்கிறார். கணக்கு இப்படி வரும். திருத்திய பிறகு வீடு 2,00,000 டொலர் பெறும் என்றால், வாங்கித் திருத்தி விற்கிறவர் அதில் 70 வீதத்துக்கு மேல் போகமாட்டார், அது 1,40,000. திருத்த வேலைக்கு 35,000 கழித்தால் 1,05,000. அதில் தன் பங்கு 8,000ஐயும் எடுத்துவிட்டு, சொந்தக்காரருக்கு 97,000 தருவதாகச் சொல்வார். பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று பார்க்க இடம் இருக்கிறது, உரித்தைச் சரிபார்த்து அதற்குக் காப்புறுதி கொடுக்கத் தனிக் கம்பனிகள் இருக்கின்றன. அதனால்தான் கணக்கு நிற்கிறது.

அப்படியிருந்தும் வயதானவர்களிடம் அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குகிறார்கள் என்று முறைப்பாடு கூடி, நான் இருக்கும் இலினோய் மாநிலத்தில் 2019இல் சட்டத்தை மாற்றினார்கள். 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் செய்தால் தரகர் லைசன்ஸ் வேண்டும். ஒக்லஹோமாவில் 2021இல் இதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. நானும் முன்பு இரண்டு வீடு செய்தேன். இரண்டாவது வீட்டின் சொந்தக்காரி, கணவனை இழந்தவர், நான் எடுத்த தொகையைப் பிறகு கேள்விப்பட்டு எனக்கு அழைத்தார். ஏசவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

புளியந்தீவு அக்கா:

தம்பி, மட்டக்களப்பில் காணி உறுதிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் 19 வருடம் கிளார்க்காக இருந்தவள் நான். உங்களைப் போல வெளிநாட்டில் உழைத்த காசோடு வந்து, கதிரையில் இருந்து அழுத பிள்ளைகளைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலில் அந்த முத்திரைத் தாள். 1840ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணியை விற்பது மட்டுமல்ல, விற்பேன் என்று உடன்படுவதுகூட நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தானால்தான் செல்லும். நீங்கள் எத்தனை முத்திரை ஒட்டினாலும் சரி, அந்தத் தாளைக் கொண்டு போய் “காணியை எனக்கே எழுது” என்று வழக்குப் பேச முடியாது. அந்த அம்மா நாளைக்கு வேறொருவருக்கு எழுதினால் உங்களிடம் மிஞ்சுவது 2 லட்சத்தைத் திருப்பிக் கேட்கும் அலைச்சல்தான். உங்கள் கையிலேயே நிற்காத ஒன்றை இன்னொருவருக்கு எப்படி மாற்றிக் கொடுப்பீர்கள்?

சரி, நொத்தாரிசிடமே விற்பனை உடன்படிக்கை முடித்து, காணிப் பதிவகத்தில் பதிந்துவிடலாம். “வாங்குபவரோ அவர் குறிப்பிடும் ஆளோ” என்று ஒரு வாசகம் போடும் வழக்கமும் உண்டு. ஆனால் 70 லட்சக்காரர் அதை வாசித்ததும் 62 என்ற இலக்கத்தைப் பார்ப்பார், நேரே அந்த அம்மாவிடம் போவார். நீங்களே வாங்கி விற்பதானால் முத்திரைத் தீர்வை இருக்கிறது. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 62 லட்சத்துக்கு 2,47,000 ரூபாய் வரும். அதற்கு மேல் நொத்தாரிசுக் கூலி, பிறகு வரி. நீங்கள் எண்ணி வைத்திருக்கும் 8 லட்சத்தில் ஒரு பெரிய பங்கு அதிலேயே போய்விடும். அதோடு உங்கள் 40 லட்சம் போக 22 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டும்.

இதையெல்லாம் விட என் மனதைக் குடைவது வேறு. 62 என்று அந்த அம்மாவுக்குச் சொன்னது யார்? 70க்கு ஆள் நிற்பது அவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால் போய்ச் சொல்லுங்கள் தம்பி. வாங்குபவரைக் கொண்டு வந்து காட்டி, “விற்றுத் தந்தால் நூற்றுக்கு மூன்று தாங்க அம்மா” என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். 70க்கு விற்றால் உங்களுக்கு 2,10,000. முத்திரை இல்லை, கடன் இல்லை. ஊறணியில் சொன்ன சொல் விடிவதற்குள் கல்லடிப் பாலம் தாண்டி உங்கள் வீட்டுப் படலைக்கு வந்துவிடும். அடுத்த வளவை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை, உங்களைத் தேடி வருவார்கள்.

இன்னொன்று, வீடு அந்த அம்மாவுடையதுதானா? நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும், நீங்களே தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்தவர். அவருக்குக் கனடாவில் ஒரு மகள் இருந்தால், அவளுக்கு எப்போதோ நன்கொடையாக எழுதி, தாய் தனக்குச் சீவிய உருத்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை மட்டும் வைத்திருக்கலாம். அப்படியென்றால் தாய் மட்டும் கையெழுத்து வைத்தால் போதாது, மகள் மட்டும் வைத்தாலும் போதாது. எங்கள் ஒபிசுக்கு வந்த ஒருவர், தாய் இப்படி எழுதிக் கொடுத்த ஒரு மகளிடம் வீட்டை வாங்கியிருந்தார், உறுதி எழுதியது வேறு இடத்தில். உறுதியின் கடைசிப் பக்கத்தில் தாயின் சீவிய உருத்து ஒரே வரியில் கிடந்தது. வாடகைக்கு விடலாம் என்று நினைத்து வாங்கிய வீடு. உருத்து உள்ளவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையும் அதன் வாடகையும் அவருக்குத்தான். அந்த ஆச்சி விறாந்தையில் இருந்து பாக்கு இடித்துக்கொண்டு, “நான் எங்க மகன் போவன்?” என்று கேட்டாராம். யாரைக் குறை சொல்ல?

மகள் அங்கிருந்து அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், அனுப்பியிருந்தால் அதையும் பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அன்றோடு முடிந்துவிடும். படுவான்கரைப் பக்கம், அம்பாறையில் கல்லோயாக் குடியேற்றப் பக்கம் மலிவாகக் காணி வருகிறதென்று யாரும் சொன்னால், உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணியா என்று கேளுங்கள். பெர்மிற் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. வெள்ளைத் தாளில் கைமாறி மூன்றாவது ஆள் குடியிருக்கும், பெர்மிற் இன்னமும் முதல் ஆளின் பெயரில் இருக்கும்.

காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது பின்னோக்கித் தேடிப் பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஈடு, வழக்கு, சீவிய உருத்து, பங்கு எல்லாம் அங்கேதான் வெளிக்கும்.

இனி வாடகை. நானும் கணவரும் இரண்டு இடம் வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒன்று வாங்கிய வீடு. முத்திரை, திருத்தம் எல்லாம் சேர்த்து 85 லட்சம் முடிந்தது, மாதம் 25,000 வருகிறது. வருடத்துக்கு 3 லட்சம், நூற்றுக்கு மூன்றரை. வங்கியில் போட்டிருந்தாலே கூட வந்திருக்கும். மற்றது எங்கள் வளவின் பின்பக்கம் நாங்களே கட்டிய அனெக்ஸ். 28 லட்சம் செலவு, வாடகை 18,000. வருடத்தில் ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும் என்றும், பெயின்ற், பைப், ஓடு என்று 30,000 போகும் என்றும் வைத்தாலும் 1,68,000 மிஞ்சும், அது நூற்றுக்கு ஆறு. காணிக்குக் காசு கொடுக்காததுதான் வித்தியாசம்.

எதை வாங்கினாலும் மாரியில் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லா வளவும் அழகுதான். கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கைக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, மலகூடக் குழி நிரம்புகிறதா, சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2011 தை மாத வெள்ளம் எங்கே வரை வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள், விற்கிறவரிடம் அல்ல. வாவிக்கரை ஓரத்தில் கிணறு சவராக இருக்கலாம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பைப் அந்த ஒழுங்கைக்கு வந்துவிட்டதா என்பதை வாடகைக்கு வருகிறவர் முதல் நாளே கேட்பார்.

செங்கலடி றூம்கார அம்மா:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகளுக்கு ஐந்து அறை விட்டிருக்கிறேன், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தலைக்கு 6,500 வாங்குகிறேன், ஒரு அறையில் இரண்டு பேர். கேட்க நல்ல காசுதான். ஆனால் கம்பஸ் பூட்டினால் என் அறைகளும் பூட்டுத்தான். 2020இல் கொரோனா வந்து பிள்ளைகள் பெட்டியோடு வீட்டுக்குப் போனார்கள். புத்தகங்களை அறையிலேயே விட்டுப் போன பிள்ளைகளிடம் எப்படி வாடகை கேட்பது? கேட்கவில்லை. வங்கித் தவணையை என் சங்கிலியை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

ஆகவே கடன் எடுத்து மாணவர் அறை கட்டாதீர்கள், கையில் இருக்கிற காசுக்கு எத்தனை அறையோ அத்தனை. கரண்டுக்கு ஒவ்வொரு அறைக்கும் தனிச் சிறு மீற்றர் வையுங்கள். ஹீற்றரும் ரைஸ் குக்கரும் வந்த பிறகு பில்லைப் பங்கு போடுவதில்தான் எல்லா மனஸ்தாபமும் வரும். பெண்பிள்ளைகள் என்றால் மதிலும் வெளி லைற்றும் முதல் செலவு. பெற்றோர் வந்து பார்ப்பது அதைத்தான்.

நாவற்குடாத் தம்பி:

அக்கா, அம்மா, சிக்காகோ அண்ணன், மூவருக்கும் நன்றி. நேற்று அந்த ஊறணி அம்மாவுக்கு அழைத்து 70 லட்சத்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, உறுதி மகள் பெயரில்தான் இருக்கிறது, சித்திரையில் அவள் வருகிறாள், நீ வந்து நின்று முடித்துக் கொடு மகன் என்றார். அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே.

வாடகைக்கு இப்போது இப்படி யோசிக்கிறேன். தங்கச்சியின் வளவு 14 பேர்ச். வீடு முன்பக்கம், பின்பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதில் 28 லட்சத்துக்கு ஒரு அனெக்ஸ் கட்டினால் காணிச் செலவு இல்லை. விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் பக்கம்தான், போதனா வைத்தியசாலைக்கும் பாலம் தாண்டினால் சரி. தங்கச்சிக்குச் சம்மதம், மச்சானும் கட்டுங்கள் என்கிறார். ஆட்களை விட்டு அத்திவாரம் வெட்டத் தொடங்கலாமா?

புளியந்தீவு அக்கா:

ஊறணி அம்மாவுக்குச் சொன்னது மனதுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி.

அத்திவாரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். காணி யாருடையதோ அதில் கட்டிய கட்டடமும் அவருடையதுதான், சட்டம் அப்படித்தான் பார்க்கும். 28 லட்சத்தை நீங்கள் போட்டாலும் அனெக்ஸ் தங்கச்சியினுடையது. இன்றைக்கு மூன்று பேரும் ஒரே மனது. நாளைக்கு உங்களுக்கும் கலியாணம் ஆகும், அவளுக்குப் பிள்ளைகள் வரும், ஒரு அவசரத்துக்கு வளவை ஈடு வைக்க வேண்டியும் வரலாம். அவளில் நம்பிக்கை இல்லாமல் நான் இதைச் சொல்லவில்லை. எழுத்தில் இருந்தால் அவளுக்கும் ஒரு நாள் தர்மசங்கடம் வராது.

இரண்டு வழி இருக்கிறது. 14 பேர்ச்சில் பின்பக்கத்தைப் பிரித்து உங்கள் பெயருக்கு எழுதலாம், ஆனால் பிரிக்கிற துண்டு 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது, வழியும் விட வேண்டும், மாநகர சபையின் அனுமதி வேண்டும். வழிக்குப் போவதையும் கழித்தால் முன்வீட்டுக்கு முற்றமே இருக்காது. எனக்கு அது பிடிக்கவில்லை, வீட்டோடு கொடுத்த வளவைத் திரும்ப வெட்டுவது போல இருக்கும். மற்ற வழி, அவளிடமிருந்து பின்பக்கத்தை நீண்ட காலக் குத்தகைக்கு எடுப்பது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அதுவும் நொத்தாரிசு முன்னிலையில்தான். நீங்கள் கட்டுவது, வாடகையை நீங்கள் எடுப்பது, இத்தனை வருடத்துக்குப் பிறகு கட்டடம் அவளுக்கு, இடையில் அவள் விற்றால் உங்களுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் அதிலேயே எழுதிப் பதிந்துவிடலாம். வாடகையில் மாதம் ஒரு தொகை அவளுக்கும் போகட்டும்.

அப்புறம், தங்கச்சிக்கு எழுதிய உறுதியின் பிரதி உங்களிடம் இருக்கும்தானே? கடைசிப் பக்கத்தை எடுத்து வாசியுங்கள். உங்கள் அம்மாவுக்குச் சீவிய உருத்து வைத்திருந்தால் குத்தகையில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.