வன்னிப் பல்லும் எலும்பும்: ஆள் எங்கை பிறந்தது எண்டு சொல்லலாமோ?

குளக்கட்டு:
வன்னியிலை பழைய மனித எலும்பு கிடைச்சால் ஸ்ரொன்சியம் சமதானி (ஒரே தனிமத்தின்ரை நிறை வேறான அணு) பார்த்து, ஆள் உள்ளூரோ வெளியூரோ எண்டு முடிவு கட்டலாம் எண்டு மிளிரி எண்ட பேரிலை எழுதுறவர் எழுதியிருக்கிறார். ஸ்ரொன்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் பாறைக்குப் பாறை மாறும், அது தண்ணியாலையும் சாப்பாட்டாலையும் உடம்பிலை ஏறும் எண்டதுதான் அடிப்படை. நான் உடன்படேல்லை. எங்கட மண் மாரியிலை ஊறி, கோடையிலை பாளம் பாளமாய் வெடிக்கிற மண். நனைஞ்சு காய்ஞ்சு, நனைஞ்சு காய்ஞ்சு எலும்பிலை இருக்கிற கொலாஜன் புரதம் அறுந்து கரைஞ்சுபோகும். வெறுமையான நுண்துளைக்குள்ளை கிணத்துத் தண்ணியிலை இருக்கிற அதே சுண்ணமும் புளோரைட்டும் ஏறும். பிறகு அந்த எலும்பிலை அளக்கிற ஸ்ரொன்சியத்திலை எவ்வளவு மனுசனுடையது, எவ்வளவு மண்ணுடையது? எங்கை பிறந்த ஆளும் புதைச்ச ஊர்க்காரன் ஆகிவிடுவான். பிழை எப்பவும் ஒரு பக்கமே சாயும், அதுதான் ஆபத்து.

மிளிரி:
எலும்பைப் பற்றிச் சொன்னது சரி அண்ணை. நான் கேட்பது பல். பல் மிளிரியின் (பல்லின் வெளிப்புறக் கடின ஓடு, எனாமல்) எடையில் 96 வீதம் கனிமம், துளை மிகக் குறைவு. முதலாம் கடைவாய்ப்பல்லின் மிளிரி பிறந்த காலம் தொடங்கி 3 வயதளவில் முடிந்துவிடும். மூன்றாம் கடைவாய்ப்பல்லுடையது 8 வயதளவில் தொடங்கிப் பதின்ம வயதுக்குள் முடியும். அதற்குப் பிறகு மாறாது. தொடை எலும்பு பத்திருபது வருசத்துக் கலவை.

வைரமுனைத் துளைகருவியால் மேற்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு, 20–30 மில்லிகிராம் சில்லு எடுக்கவேண்டும். உட்பக்கம் பன்முதல் (மிளிரிக்குக் கீழுள்ள படை, டென்ரீன்) ஒரு பொட்டும் ஒட்டக்கூடாது. வில்லைக்குக் கீழே பார்த்தால் மிளிரி கண்ணாடிபோல ஒளிவிடும், பன்முதல் மங்கிய மஞ்சளாய், சோக்கட்டிபோல இருக்கும். மீயொலித் தொட்டியில் கழுவி, 0.1 மோலர் அசற்றிக் அமிலத்தில் ஊறவிட்டு, திரும்பக் கழுவி, 3 மோலர் நைத்திரிக் அமிலத்தில் கரைத்து, ஸ்ரொன்சியத்தைப் பிடிக்கும் பிசின் நிரலினூடாக விடவேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் ரூபிடியம் 87 கூடவே வந்து ஸ்ரொன்சியம் 87இன் கணக்கைக் குழப்பும். ஒவ்வொரு தொகுதியோடும் விகிதம் முன்பே தெரிந்த எஸ்ஆர்எம் 987 நியமத்தை ஓட்டி, 0.71025க்குக் கிட்ட வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

உங்கள் கேள்விக்கு மறுமொழியும் அதே பல்லில்தான் இருக்கிறது. பன்முதலையும் தனியாக அளவுங்கோ. அது மண்ணை உறிஞ்சும். மிளிரி அதிலிருந்து விலகி நின்றால் மண் மிளிரியை விழுங்கவில்லை. இரண்டும் ஒன்றாயிருந்தால் "உள்ளூர்" என்று எழுதக்கூடாது, "முடிவில்லை" என்று எழுதவேண்டும்.

பத்ததொம்பலென, பாகியன்கலை போன்ற இலங்கைக் குகைகளின் மனிதப் பற்களை வைத்து 2015இல் வந்த ஆய்வு, ஏறக்குறைய 20,000 வருசத்துக்கு முந்தியவர்களும் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்ததைக் காட்டியது. அதுவும் மிளிரியின் காபனையும் ஒட்சிசனையும் வைத்துத்தான். அந்த ஈரத்தில் நின்ற மிளிரி வவுனியாவில் நிற்காதா?

குளக்கட்டு:
மிளிரி நிற்கும், ஒத்துக்கொள்ளுறன். அளந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் எண்டதிலைதான் சண்டை. வவுனியாப் பக்கம் பழைய நைஸ் (உருமாறின பாறை), விகிதம் வழமையாய்க் கூடினது; வடக்கும் மேற்குக் கரையும் மயோசின் சுண்ணக்கல். சுண்ணக்கல் 0.709ஐ ஒட்டி நிற்கும், இண்டைய கடல்நீர் 0.7092. உள்நாட்டு ஆள் கரையிலை விளைஞ்ச உப்பைத் திண்டு, நெத்தலிக் கருவாட்டை முள்ளோடை மென்றால், அவரின்ரை பெறுமானம் கடலை நோக்கி இழுபடும். குவாத்தமாலாவின்ரை பழைய ரிக்கால் நகர மாயர்களிலை இதே உப்புச் சிக்கலை லோரி ரைற் 2005இலை எழுதினவ. பால்குடிக்கு உப்புக் குடுக்கேல்லை எண்டும் தப்பேலாது, தாய்ப்பாலிலை தாயின்ரை ஸ்ரொன்சியம்தான் வருது.

குடிச்ச தண்ணியைக் காட்டுற ஒட்சிசன் சமதானியும் இஞ்சை கைவிடும். ஆவணியிலை வத்தின குளத்திலை ஒட்சிசன் 18 கூடி நிக்கும், ஏனெண்டால் இலேசான தண்ணிதான் முதலிலை ஆவியாகும். குளத்துத் தண்ணி குடிச்ச பிள்ளையும் ஆழக்கிணத்துப் பிள்ளையும் ஒரே ஊரிலை இரண்டு ஊர்க்காரராய்த் தெரியுங்கள்.

சாமைச்சோறு:
உணவுப் பக்கத்தையும் கவனிக்கவேண்டும். ஸ்ரொன்சியம் கல்சியத்தின் பின்னால் போவது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம், அரிசியில் 10ஐச் சுற்றித்தான். இரண்டையும் சாப்பிட்டவரின் பல்லில் பேசுவது குரக்கன் விளைந்த சேனை (காடு வெட்டி எரித்துச் செய்யும் மேட்டு நிலம்), வயல் அல்ல.

காபனிலும் பொறி உண்டு. தாவரங்கள் காபனைப் பிடிக்கும் வழியில் சி3, சி4 என்று இரண்டு வகை, அவற்றின் காபன் 13 அளவு வேறு வேறு. நெல் சி3, ஏறக்குறைய −26‰. சாமை, வரகு, தினை, குரக்கன் எல்லாம் சி4, −12‰ அளவு. கடல்மீன் தின்றவரின் காபனும் சி4 பக்கம் சரியும். நைதரசன் 15 கூடினால் மீன் என்பது வழக்கமான வாசிப்பு. ஆனால் பட்டி அடைத்து எருவிட்ட நிலத்துத் தானியத்திலும் நைதரசன் 15 கூடும். சி4 புல்மேயும் புள்ளிமானின் இறைச்சி, சாமையே தொடாதவரிலும் சி4 சாயலை ஏற்றும். கொலாஜன் கிடைத்தால்கூட, காபன்–நைதரசன் அணுவிகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் இல்லாத மாதிரியைத் தூக்கிப் போடுங்கள். மனம் வராது, ஆனாலும் போடுங்கள்.

மிளிரி:
உப்பு விசயத்தில் அண்ணை சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது ஒரு திசையில்தான் அடிக்கும். உப்பும் சுண்ணக்கல்லும் பெறுமானத்தை 0.709ஐ நோக்கித்தான் இழுக்கும், 0.713க்கு ஏற்ற இரண்டாலும் முடியாது. மன்னார் மாந்தைக் கரையில் புதைத்த ஒருவரின் முதலாம் கடைவாய்ப்பல் அந்த உயரத்தில் நின்றால், அவரின் குழந்தைப்பருவ உணவு கரையில் விளையவில்லை. வவுனியாவில் புதைத்தவரில் 0.7092 வந்தால் நான் வாய் திறக்கமாட்டேன்.

குளக்கட்டு:
அப்பிடி எழுதினால் சண்டை இல்லைத் தம்பி. ஆனால் நைஸ் பகுதியின்ரை அடிப்படைப் பெறுமானம் முதலிலை வேணும். பாறையை இடிச்சு அளந்து பிரயோசனமில்லை, அதிலை இருக்கிற கனிமங்களிலை கருமைக்கா உயர்ந்த விகிதத்தை விடும், பிளேஜியோகிளேஸ் தாழ்ந்ததை விடும், செடிக்குப் போறது கலவை. பசளை விழாத காட்டிலை புல், பற்றை, பெருமரம் மூண்டிலையும் இலை எடுங்கோ, வேராழம் வேறை வேறை. நத்தை ஓட்டை மட்டும் நம்பாதேங்கோ, மழையும் மண்சுண்ணமும் அதிலை கூடப் பேசும். அகழ்விலை வாற எலிப்பல் உள்ளூர்ப் பெறுமானத்தைக் காட்டும், அதை ஒருத்தரும் கொட்டிப்போடாதேங்கோ, 2 மில்லிமீற்றர் அரிதட்டிலைதான் நிக்கும்.